மாலை போட்ட மகாராணி

செத்த பிறகும் மூன்று வருஷம் விடாமல் நடித்த நடிகை உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தார்.

நாடகத்தில் ராணி வேஷம் கட்டியவர் என்பதால் தெருவே அவரை மகாராணி என்றுதான் கூப்பிட்டது. தொண்ணூறுகளில் போளூர், கலசப்பாக்கம் பக்கமெல்லாம் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். குழாயடியில் அந்தக் குரல் எழும்பினால் தெருவில் தறிகள் நின்றுவிடும்.

நாடகம் படுத்ததும் சினிமாவுக்குப் போனார். ஒன்பது படம். எல்லாமே கூட்டத்தில் ஒரு முதுகு. தியேட்டரில் என் மனைவி, "இதுல எந்த முதுகுக்கா உங்களுது?" என்று கேட்டாள்.

"நிமிந்து நிக்குது பாரு, அதான்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு டிவி தொடரில் கதாநாயகியின் அம்மாவாக வேஷம் கிடைத்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மூன்றாம் நாளே கதையில் அம்மா செத்துப்போனாள். ஆனால் கதாநாயகி தினமும் அம்மாவின் போட்டோ முன்னால் நின்று அழுதாள். மாலை போட்ட அந்த போட்டோவில் மகாராணி. தினம் சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்கள் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"பாத்துகினே இரு தம்பி. எம்மூஞ்சிய பாக்கறதாலதான் அந்தப் பொண்ணுக்கு அழுவ வருது."

"இன்னிக்கு ரொம்ப நல்லா பண்ணீங்கக்கா" என்பாள் என் மனைவி. முதலில் கிண்டலாகத்தான் சொன்னாள். போகப்போக நிஜமாகவே சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் தொடரில் வீடு மாறினார்கள். புது வீட்டுச் சுவரில் போட்டோ இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகாராணி சென்னைக்கு பஸ் ஏறினார். மறுநாள் திரும்பி வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"சாமான் ஏத்தும்போது எங்கியோ வுட்டுட்டாங்களாம். வேற போட்டோ தரேன்னேன். கதையில யாரும் அம்மாவ தேடலியே, வுடுங்கம்மான்னுட்டாங்க."

அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாலு நாள் பார்த்துவிட்டு என் மனைவியே போய் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். டிவி அணைந்திருந்தது.

"ஏன், கரண்ட் இல்லியா?"

"இல்லக்கா."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மகாராணி அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மூவரும் காபி குடித்துக்கொண்டு பழைய நாடகக் கதைகள் பேசினோம்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு இரைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார். உடலை வாங்கப் போனபோது நர்ஸ் சீட்டை நீட்டி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"பொண்ணு" என்றாள் என் மனைவி, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் மருமகனென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.