என் ஆயுளுக்கு நான் சொன்ன கடைசி விலை

கடை வைத்திருப்பவனுக்கு முகத்தில் கொஞ்சம் இரும்பு வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. யாராவது இடுப்பில் கட்டுகிற சாரன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒள்ளுப்பம் குறைச்சுத் தாங்களன்" என்று கேட்டால், கேட்டவருடைய முகம் வாடிவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை. கொஞ்சம் குறைத்துவிடுவேன். அவர் பேசாமல் நின்றால் இன்னும் குறைப்பேன். (கல்முனை பஸாரில் எங்கள் கடையை எட்டிப் பார்த்து, உள்ளே என் மனைவி ஜெஸீமா இருக்கக் கண்டால், "பொறகு வாறம்" என்று போகிறவர்கள் உண்டு. நான் தனியாக இருக்கும்போது அவர்கள் தவறாமல் வருவார்கள்.)

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு முறை என் ஆயுளையே அப்படிக் குறைத்துக் கொடுத்தேன். அதுவும் ஒரு பேராசிரியை முன்னால், என் மச்சானுடைய படிப்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

மச்சான் என்றால் ஜெஸீமாவின் தம்பி, நௌஸாத். டொக்டர். அவர் படித்து முடித்து வந்தபோது, இனி மருந்துக்கு அலைய வேண்டியதில்லை என்று எங்கள் தெருவே நிம்மதியடைந்தது. சில வருடம் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தார். பிறகு ஒரு நாள், இனி நோயாளிகளைப் பார்ப்பதில்லை, பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பொருளியலில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றார். நாட்டிடம் இருக்கிற பணத்தில் எந்த நோய்க்கு எவ்வளவு செலவழிப்பது, எந்த வைத்தியம் முதலில் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிற படிப்பு அது. தெருவுக்கு அது விளங்கவில்லை. ஒருவர் இருமலோடு அவரைத் தேடி வந்தார். மச்சான் அவரிடம், ஆஸ்பத்திரிக்குப் போன நாள் எதில் போனீர்கள், அன்று வேலையை யார் பார்த்தார்கள் என்று அன்போடு விசாரித்திருக்கிறார். வந்தவர் வெளியே வந்து என் காதில் சொன்னார்: "ஒங்கட மச்சானுக்கு மருந்தெல்லாம் மறந்து பெய்த்து போல."

ஜெஸீமா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் ஒவ்வொரு ஆளுக்கு டொக்டர் இல்ல, நாட்டுக்கு டொக்டர்" என்று எல்லோரிடமும் சொன்னாள். (நாட்டுக்கு எங்கே குழாய் வைத்துப் பார்ப்பான் என்று கேட்டவர்களோடு அவள் இன்னும் கதைப்பதில்லை.)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதனால் அவர் டொக்டரானதிலிருந்து மச்சான் என்று முகத்துக்கு முன்னால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "டொக்டர்" என்றுதான் கூப்பிடுவேன்.

"வீட்டுக்குள்ளயுமா மச்சான்?" என்பார் அவர்.

"ஓம் டொக்டர்" என்பேன்.

அவர் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்திருந்த விடயம் வலி. வலியோடு வாழ்கிற ஒரு வருடம் முழு வருடமா, முக்கால் வருடமா, அரை வருடமா என்று எங்கள் கரையோரத்து மக்களின் வாயாலேயே கேட்டு அளக்க வேண்டுமாம். அதைக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறை எங்கள் சனத்திடம் சரிவருமா என்று பார்க்க, அவருக்கு மேலே இருந்த பேராசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து வரப்போகிறார் என்றார். அவர் முன்னால் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டுக் காட்ட வேண்டும். பேராசிரியைக்குத் திருப்தி என்றால் வேலை தொடங்கலாம். இல்லையென்றால் இவ்வளவு காலம் தயாரித்ததை மூடி வைத்துவிட்டு வேறு விடயம் தேட வேண்டும்.

"முட்டு வலி உள்ள ஆள் ஒண்டு வேணும் ராத்தா. ஒத்திகைதானே, சொந்தக்காரர் எண்டாலும் பரவாயில்ல" என்றார் மச்சான் தன் அக்காவிடம்.

"ஆள் தேடித் திரியாத. வீட்டிலேயே ஒண்டு இரிக்கி" என்றாள் ஜெஸீமா, மேலதிகமாக இருக்கும் கதிரையைத் தூக்கிக் கொடுப்பது போல.

என்ன கேட்பீர்கள், நான் என்ன சொல்ல வேண்டும் என்று டொக்டரைக் கேட்டேன்.

"பயப்படாதீங்க மச்சான். இதில சரியான விடை எண்டு ஒண்டும் இல்ல."

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிடப் பயங்கரமான செய்தி இல்லை. சரியான விடை ஒன்றும் இல்லையென்றால், எதைச் சொன்னாலும் பிழைதானே.

அந்த நாளும் வந்தது. ஜெஸீமா இனிப்புக்கு வட்டிலப்பமும் மஸ்கட்டும் செய்து அடுக்கினாள். எனக்குப் பெருநாள் சட்டை போட்டுவிட்டு, தாடியை ஒதுக்கி, என்னை முன்வாசல் அறையில் உட்கார வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் குசினியில் நின்றுகொண்டாள். பேராசிரியை வெள்ளைத் தலையோடு, பருத்திச் சேலையோடு, தன்மையாக இருந்தார். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ நானா. நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறன்." எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஒரு பேராசிரியை சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேர்க்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

டொக்டர் ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் இரண்டு பட்டைகள். மேலே உள்ளது சிவப்பு, முட்டு வலியோடு பத்து வருடம். கீழே உள்ளது பச்சை, வலியே இல்லாத வருடங்கள். பச்சையின் மேல் ஒரு சின்ன அடையாளத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம்.

"ஒங்களுக்கு இன்னும் பத்து வருஷம்தான் ஹயாத்து எண்டு வைப்பம் மச்சான்."

குசினியில் ஒரு தட்டு பலமாகச் சத்தம் போட்டது.

"இந்தப் பத்தும் இந்த முட்டு வலியோடதான். இல்லாட்டி, வலி ஒண்டும் இல்லாம ஒன்பது வருஷம். ஒங்களுக்கு எது விருப்பம்?"

"ஒன்பது" என்றேன். நல்ல லாபம் உள்ள பேச்சாகத்தான் தெரிந்தது.

டொக்டர் அடையாளத்தை நகர்த்தினார். "எட்டு எண்டா?"

இங்கேதான் என் தலையெழுத்து திரும்பியது. "எட்டு எண்டா?" என்று அவர் கேட்ட தொனி, தலையை ஒரு பக்கம் சாய்த்த விதம், எல்லாம் என் கடை வாசலில் நாள் முழுக்க வாங்க வருகிறவர்களிடம் நான் காண்பதுதான். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"சரி, எட்டு."

"ஏழு எண்டா?"

"எடுங்க டொக்டர்."

ஆறு என்றார், கொடுத்தேன். அவர் முகம் சற்று மாறியது. எங்காவது நான் நிற்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். நிற்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்த முறையாம். (நிற்கத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்.) அவர் என் கண்ணைப் பார்த்து, மெதுவாக, அழுத்தமாகச் சொன்னார்:

"மச்சான், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இதை ஒரு வாடிக்கைக்காரர் சொன்னால் என்ன பொருள்? விலை கூடிப்போயிற்று, இறங்கி வா என்று பொருள். அவர் கேட்காமலே நான் இறங்கினேன்.

"சரி, ஒங்களுக்காக அஞ்சு."

"நான் இன்னும் அஞ்சு கேக்கல்லையே."

"பரவாயில்ல டொக்டர். நாலு போடுங்க."

டொக்டரின் நெற்றியில் வேர்வை. அவர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து, மிக மென்மையாகக் கேட்டார்: "அப்ப நானா, இதுதான் உங்கட கடைசி முடிவோ?"

கடைசி என்ற சொல் காதில் விழுந்தால் நான் மனிதனில்லை. கடைசி விலை கேட்பவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை.

"மெடம் கேட்டதுக்காக மூண்டரை" என்றேன்.

பேராசிரியை பேனாவை மூடினார். அவரும் ஒரு டொக்டர்தான் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். முட்டு வலிக்காக ஆறரை வருடத்தைத் தூக்கி வீசுகிற மனிதனை அவர் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நானா, மறைக்காமச் சொல்லுங்கோ. வீட்டில உங்களுக்கு ஏதும் கரைச்சலோ? மனைவி என்ன மாதிரி? வாழ்க்கை வெறுத்த மாதிரி ஏதும்..."

திரை விலகியது. ஜெஸீமா கையில் வட்டிலப்பத் தட்டோடு வந்து நின்றாள். தட்டை மேசையில் வைத்த விதத்தில் வட்டிலப்பம் இரண்டாகப் பிளந்தது.

"ஆருக்கு வாழ்க்க வெறுத்த?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய், ஒன்ட படிப்புக்கு என்ட ஆள்ர ஹயாத்தா கேட்ட?"

"கேக்கிறது மட்டும்தான் ராத்தா. எடுக்கிறதில்ல."

"எடுக்காட்டி ஏன் கேட்ட?"

ஜெஸீமா குனிந்து அட்டையைப் பார்த்தாள். மூன்றரையில் நின்ற அடையாளத்தை ஒரு விரலால் பத்துக்குத் தள்ளினாள். அது அட்டையின் ஓரத்தைத் தாண்டி மேசையில் விழுந்தது.

"முட்டு வலியோடயே பத்தும் வேணும். அதுக்கு மேல அல்லாஹ் தந்தா அதுவும் வேணும்." பிறகு என்னிடம், "நீங்க இஞ்ச என்ன செய்யிறீங்க? சாரனா விக்கிறீங்க?"

அந்தச் சொல்லில்தான் பேராசிரியைக்கு விளங்கியது. "நானாவுக்குக் கடையோ?" என்று கேட்டார். டொக்டர் தலையாட்டினார். பேராசிரியை சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து முடிந்ததும் பேராசிரியை சொன்னது சிரிப்பாக இல்லை. "நௌஸாத், இப்ப நடந்தது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம். இப்பிடியே ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு போனா, சனத்தின்ர மனம் எங்களுக்குக் கிடைக்காது. உங்கட முகத்துக்காகக் குறைச்ச கணக்குத்தான் கிடைக்கும். இதை நான் எப்பிடி அனுமதிக்கிறது?"

டொக்டர் அட்டையை மெதுவாக மடிக்கத் தொடங்கினார். என் வாழ்க்கையில் எத்தனையோ சாரனை நட்டத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த அட்டை மடிபட்டதைப் பார்த்தபோது வந்த வலி எதற்கும் வந்ததில்லை. ஜெஸீமாவுக்கும் அப்போதுதான் விடயம் உறைத்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மெடம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "டொக்டர் சரியாத்தான் கேட்ட. நான்தான் பிழையாச் சொன்ன. இன்னொருக்காக் கேக்கச் சொல்லுங்க."

பேராசிரியை பேனாவை மறுபடி திறந்தார். "வருஷத்தை விடுவம் நானா. இந்த முட்டால உங்களுக்கு என்ன இல்லாமப் போச்சு எண்டு சொல்லுங்கோ. விலை இல்லை. குறைக்கவும் தேவையில்லை."

யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நடக்கிறேன், கடைக்குப் போகிறேன், மாடிப்படியா ஏறுகிறேன். ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"பள்ளியில கதிரையில இருந்துதான் தொழுறன் மெடம். எல்லாரும் சுஜூதுக்குப் போகக்குள்ள நான் மட்டும் எல்லார்ர முதுகையும் பாத்துக்கிட்டு இரிக்கன். நெத்தி நிலத்தில பட்டுக் கன நாள்."

ஜெஸீமா என்னைப் பார்த்தாள். அவளுக்கு இந்த மனக்குறை தெரியாது. நான் சொன்னதில்லை.

டொக்டர் மடித்த அட்டையை விரித்தார். இம்முறை தலையைச் சாய்க்கவில்லை. "அது திரும்பக் கிடைக்கிறதுக்கு மச்சான், எவ்வளவு விட்டுக்குடுப்பீங்க? ஒங்களுக்குப் பட்டதச் சொல்லுங்க. நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

நான் உண்மையாகவே யோசித்தேன். "ஒரு வருஷம்" என்றேன்.

"ஆறு மாசம்" என்றாள் ஜெஸீமா. "அதுக்கு மேல ஒரு நாளும் ஏலா."

"ராத்தா, அவர் தனியத்தான் சொல்லணும்" என்றார் டொக்டர் அழாக்குறையாக.

"தனிய விட்டுத்தானே மூண்டரைக்குப் போன."

பேராசிரியை வட்டிலப்பத்தில் உடைந்த பாதியை எடுத்துத் தின்றபடி தீர்ப்புச் சொன்னார். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். படிப்படியாக இறங்கிக் கேட்கக் கூடாது, மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். கேட்கிறவர் அந்த வீட்டுக்குச் சொந்தமாகவோ வாடிக்கையாகவோ இருக்கக் கூடாது. டொக்டருக்கு இதனால் ஆறேழு மாதம் பிந்தியது. ஒவ்வொரு லீவுக்கும் வந்து புதுக் கேள்வியை என்னிடம்தான் சோதித்துப் பார்த்தார். நான் மூன்றரைக்குப் போகாத ஒரு முறை கிடைத்த பிறகுதான் அவர் ஊருக்குள் இறங்கினார். மீன்பிடிக்கிறவர்களிடமும், வயல் செய்கிறவர்களிடமும், ஏன், எங்கள் பஸாரிலேயே பலரிடமும் அவருடைய ஆட்கள் போய்க் கேட்டார்கள். எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் நின்றார்களாம்.

இப்போது அவர் கலாநிதி. அவரிடம் படிக்கிற பிள்ளைகளை ஊருக்குக் கூட்டி வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் பயிற்சியில் இரண்டு விதிகள் இருக்கின்றனவாம். 'இது விலை பேசுவதல்ல' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். 'யோசித்துச் சொல்லுங்கள்' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. "இவருக்காகத்தான் அந்த ரெண்டு விதியும்" என்று என்னைக் காட்டுவார். பிள்ளைகள் எழுந்து நின்று மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் வெட்கத்தில் தேத்தண்ணி எடுக்கப் போகிற சாட்டில் குசினிக்குள் ஒதுங்கிவிடுவேன்.

முட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாலையில் கடை மூடிவிட்டு வந்து, "யா அல்லாஹ்" என்று முட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். உடனே என் இளைய மகள் பக்கத்தில் வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "வாப்பா, எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" என்று கேட்பாள். பழக்க தோஷம், ஏதோ ஓர் இலக்கம் என் நாக்கு நுனிக்கு வந்துவிடும். ஆனால் அது வெளியே வருமுன், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெஸீமாவின் குரல் வரும்:

"அது விக்கிறதுக்கில்ல."