முதலில் வந்த அப்பாக்கள்

கணினியில் நான் செய்த தவறுகளை எல்லாம் சுவடு தெரியாமல் அழித்திருக்கிறேன். (அழிப்பதில் நான் கெட்டிக்காரன்.) ஒன்றை மட்டும் அழிக்க முடியவில்லை. அது இருநூறு பேர் முன்னால், ஒரு கல்யாண மண்டபத்துத் திரையில் நடந்தது.

அப்போது நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராமர். இருபத்தைந்து ஆண்டு வேலை செய்தவர்களுக்குக் கிள்ளானில் பாராட்டு விழா. மேடை ஏறுபவரின் பெயர் திரையில் வர வேண்டும். கையாலேயே தட்டிப் போட்டுவிடலாம். அது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன்.

ஊழியர் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, அதை உருமாற்றித் திரைக்கு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். ஆளுக்கு மூன்று விவரம், அதாவது மூன்று அட்ரிபியூட்: பெயர், ஆணா பெண்ணா, அப்பா பெயர். இந்த நாட்டில் நம் பெயர் தனியாக எங்கும் போகாது. மலாய் மொழியில் 'ஆனாக் லெலாக்கி', 'ஆனாக் பெரெம்புவான்' என்று, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று, அப்பாவும் கூடவே வருவார். முதலில் வருவது பெயர், மூன்றாவதாக வருவது அப்பா என்று எழுதி வைத்தேன்.

பக்கத்து மேசை ஷாமினி எட்டிப் பார்த்தாள். (இப்போது என் மனைவி. அன்றும் அவள் சொல்லைக் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.)

"அட்ரிபியூட்டுக்கு ஆர்டர் கிடையாது லா. எந்த வரிசையில வேணும்னாலும் வரும். 'நேம்' எதுன்னு பாத்து எடு."

"பத்து தடவ ஓட்டிப் பாத்துட்டேன். எப்பவும் பேருதான் முதல்ல வருது."

"உன் கம்ப்யூட்டர்ல."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பேக்கிங் பகுதி சரோஜா அக்கா வந்தார்.

"தம்பி, எங்க அம்மாவும் வராங்க. அப்பா பேரப் போட்டே ஆகணுமா? நான் கைக்குழந்தையா இருக்கறப்ப விட்டுட்டுப் போனவரு. அம்மா அந்தப் பேர வாயால சொல்லக்கூட மாட்டாங்க."

"ஐசி அடையாளக் கார்டுல உள்ளபடிதான் போடணுமாம் அக்கா. கவலப்படாதீங்க. உங்க பேரப் பெருசாப் போட்டு, அவரு பேரக் கண்ணுக்கே தெரியாத மாதிரி வச்சிடறேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. அன்றே எல்லோருக்கும் அப்படியே மாற்றினேன்.

மண்டபத்துக் கணினியில் உருமாற்றும் மென்பொருள் வேறு. அது மூன்று விவரங்களையும் ஆங்கில அகர வரிசையில் அடுக்கியது: ஃபாதர், ஜெண்டர், நேம். நடுவில் இருந்தது நடுவிலேயே இருந்ததால் புரோகிராமும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. நான் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதலில் அகமட் பின் யூசோஃப், அதாவது யூசோஃபின் மகன் அகமட், மேடை ஏறினார். திரையில் யூசோஃப் பின் அகமட். கூட்டம் சிரித்தது. அடுத்து கோவிந்தன் அண்ணன். திரையில் பெரிதாக அவருடைய அப்பா. விசில் பறந்தது. மூன்றாவது ஆள் வருவதற்குள் கூட்டமே திரையில் வரும் அப்பாவின் பெயரைச் சேர்ந்து கத்தத் தொடங்கியிருந்தது.

அடுத்தது சரோஜா அக்கா. மேனேஜர் மட்டும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அடியில் பாய்ந்து, திரையை அணைக்க வயரைப் பிடுங்கினேன். அது மைக் வயர்.

மேனேஜரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. திரையில் மூன்றடி உயரத்துக்கு முனியாண்டி நின்றார். அவருக்குக் கீழே எறும்பு மாதிரி சரோஜா. "முனியாண்டி!" என்று மண்டபமே கத்தியது. அக்கா விருதை வாங்கிக்கொண்டு, திரையைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். இருபத்தைந்து ஆண்டு உழைத்தவரின் பெயர் அன்று யார் காதிலும் விழவில்லை.

சாப்பாட்டு மேசையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவால்ல தம்பி" என்றார் அக்கா, தட்டைப் பார்த்தபடி. பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் மண்டபம் முழுக்கத் தேடின.

"தம்பி, அவரும் இங்கதான் வேல செய்யறாரா? எங்க உக்காந்திருக்காரு?"

தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஷாமினி இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். என் மகள்கள் அன்று முழுவதும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் அழைப்பார்கள். "ஆறுமுகம், முறுக்கு கொண்டாங்க!" நானும் சிரித்துக்கொண்டே கொண்டுவருவேன். மைக் வயரைப் பிடுங்கியதோடு ஷாமினி கதையை நிறுத்திவிடுவாள். மிச்சத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அம்மாவிடம் நான் அன்று, "இல்லம்மா, அவரு இங்க இல்ல, அது என் தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.