ஐந்தருவி ஏற்றத்தில் என் ஏர் ஃபில்டர்

நன்றாக ஓடுகிற வண்டியையும் நன்றாக உறங்குகிற நாயையும் தொடக்கூடாது என்பது எங்கள் தென்காசிப் பக்கம் யாரும் சொல்லாத பழமொழி. (பட்ட பிறகு நானே உண்டாக்கியது.) சொல்லிவைத்த பழமொழி வேறு: சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டியாவது ஊதியதோடு நிறுத்தினான். நான் சங்கையே பிரித்து, காற்று போகிற வழியை அகலப்படுத்தினேன்.

என் சங்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். பழைய வண்டிதான், ஆனால் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. செல்போன் கடையில் வேலை. ஆள் வராத மத்தியானங்களில் வீடியோ பார்ப்பேன். அதில் ஒருவன் சொன்னான்: கம்பெனி மாட்டித் தருகிற ஏர் பாக்ஸ், எஞ்சினின் மூக்கைப் பொத்துகிற கை மாதிரி, அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டினால் வண்டி நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பறக்கும். எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. இத்தனை நாளும் மூச்சுமுட்டிக்கொண்டா என்னைச் சுமந்தாய்!

கழற்றினேன். புதுக் கூம்பு உள்ளே பொருந்தவில்லை. பக்கத்து மூடியை எடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. பின்சீட்டில் உட்காருகிறவரின் தொடைக்குப் பக்கத்தில் அது தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வேகம் கூடியதா? சத்தம் கூடியது. (ரெண்டும் ஒண்ணுதான் என்று அப்போது நம்பினேன்.)

"என்னல, வண்டி இருமுத மாதிரில்லா இருக்கு?" என்றாள் அம்மா.

"எம்மா, இதுக்குப் பேருதான் பெர்ஃபார்மன்ஸ்."

"என்னமோ, மழையில கொண்டு போவாத."

அந்த நாட்களில்தான் சுரண்டையிலிருந்து கோமதி என்ற பெண், போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கடைக்கு வந்தாள். குமிழி விழாமல் ஒட்ட நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, "பையவே ஒட்டுங்க, பஸ்ஸு எங்கேயும் போயிராது" என்றாள். அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லி, ஆள் விட்டு விசாரித்து, பேச்செடுக்க வைத்தேன். பிறந்ததிலிருந்து நானாக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். (பைக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு பார்ப்பு உண்டு. சாரல் விழுந்ததும் பெண் வீட்டார் அருவியில் குளிக்க வந்த மாதிரி வருவார்கள். நாமும் எதேச்சையாகப் போன மாதிரி போவோம். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை, குளித்தது லாபம். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் எதேச்சையாகச் சந்திப்பது என்று முடிவாயிற்று.

முந்தின நாள், வண்டி பளிச்சென்று இருக்கட்டுமென்று கூம்பையும் கழற்றிக் கழுவினேன். கழுவினால் அதற்கென்று உள்ள எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டுமாம். அந்த எண்ணெய் ஊரில் ஒரு கடையிலும் இல்லை. ஆனால் குற்றாலத்தில் எண்ணெய்க்கா பஞ்சம்? அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவரிடம் மூலிகை எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன்.

"யாருக்குத் தேய்க்கணும்?"

"வண்டிக்கு அண்ணாச்சி. மூச்சு விடுத எடத்துல."

"சளி கட்டியிருக்கோ?" என்றார், சிரிக்காமல்.

துளித்துளியாக விட நான் என்ன வெளியூர்க்காரனா? குற்றாலத்தான் எண்ணெய் வைத்தால் காது வழியாக வழிய வேண்டாமா? உச்சி முதல் பாதம் வரை ஊற்றி, நன்றாக ஊறவிட்டு மாட்டினேன்.

ஞாயிறன்று அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் முன்னால் போனார்கள். பெரியப்பா மகன் சங்கர் பழப்பையோடு தன் பழைய மொபெட்டில் போனான். (எதேச்சையாகப் போகிறவர்களுக்குப் பழம் எதற்கு என்று கேட்கக்கூடாது.) எனக்குச் சில மாதம் மூத்தவன், அவனுக்கும் அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். என் வண்டி வழியெல்லாம் செருமிக்கொண்டே எப்படியோ ஐந்தருவி சேர்ந்தது.

கோமதியின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் நின்றார். "வாங்க தம்பி, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்று பின்னால் ஏறிக்கொண்டார். இறக்கம் என்பதால் வண்டி என் மானத்தைக் காப்பாற்றியது. டீக்கடையில் என் வேலை, அப்பாவின் உடம்பு எல்லாம் விசாரித்தார். கடைசியில், "எனக்குத் திருப்தி தம்பி. மேல போயி அவகிட்ட நாலு வார்த்தை பேசுங்க. அவ சரின்னா சரிதான்" என்றார்.

மெதுவாக ஓட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. சாரல் வலுத்திருந்தது. மாமனாராகப் போகிறவருக்கு, மூச்சு நிறைந்த வண்டி என்றால் என்னவென்று காட்டத் தோன்றியது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

மூச்சிழுக்க வேண்டிய கூம்பு தும்மியது. ஒரே வெடி. ஊறியிருந்த எண்ணெய் மொத்தமும் வெளியே வந்தது. நீலப் புகை எழும்பி, ரோடெல்லாம் மூலிகை மணம். ஒதுங்கி நின்ற வெளியூர்க்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அண்ணே, ஆயில் மசாஜ் இங்கேதானா?" என்று கேட்டார்.

"தம்பி, தொடையில என்னமோ வெதுவெதுன்னு இருக்கே" என்றபடி மாமா இறங்கினார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை வேட்டி கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "வேட்டி கெடக்கு. வண்டிக்கு என்ன?" என்றார். எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தும் கிளம்பவில்லை. திறந்த கூம்பு வழியாக மழைத் தண்ணீரைக் குடித்து வண்டி உயிரை விட்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார். பெண் கொடுக்க வந்தவரை ஏற்றத்தில் வண்டி தள்ளவைத்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

எங்களைக் காணோமே என்று தேடிக்கொண்டு சங்கர் வந்தான்.

"ஏலே, என்னத்தல செஞ்சு வச்சிருக்க?"

"ஏர் இன்டேக்கைக் கொஞ்சம்..."

"வாய மூடு. மாமா, நீங்க ஏறுங்க. இவன் பொறவு வருவான்."

மொபெட் டுர்ரென்று அவரைச் சுமந்துகொண்டு ஏறிப்போனது. நான் நனைந்து, தள்ளி, மேலே போய்ச் சேர்ந்தபோது பஜ்ஜித் தட்டு காலி. சங்கர் நான் வண்டி தள்ளுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கோமதி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கி, "உங்களுக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டாள். அப்படி அக்கறையாகக் கேட்கிறவர்கள் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அந்தச் சாரலிலும் எனக்கு விளங்கியது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். "பொண்ணு வீட்டுல சொல்லுதாக, உங்க பையன் தங்கமான பையனாம்." அம்மா அடுப்பில் காப்பி ஏற்றப் போனாள். அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா, மொபெட்டுல வந்தாரே ஒரு தம்பி, அவரு ஜாதகம் கெடைக்குமான்னு கேக்காக."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை கேட்டிருப்பீர்கள். நான் காற்றை நம்பிப் பெண்டாட்டியைக் கைவிட்டவன். அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதும் நான்தான். பாயசம் ஊற்றும்போது மாமா என் கையைப் பிடித்து, "நீங்க இல்லேன்னா இந்த மருமவன் எனக்குக் கெடச்சிருப்பானா தம்பி!" என்றார். நன்றியோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

எனக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கர் மட்டும் கூட வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். போன மாதம் செங்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கிளம்பினோம். கோமதி மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, இவுகளை உள்ள வச்சுப் பூட்டியாச்சு. தைரியமாப் போயிட்டு வாங்க."

நான் தெருமுனை திரும்பும்போது மறுபடி குரல் கேட்டது:

"பஸ்லயே போங்க!"