வாழையிலைக் குளியலும் வந்த சம்பந்தமும்

திருநெல்வேலி டவுண்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி மகேஸ்வரனுக்கு அத்தான் தாணுமாலையன் அநேக ஆசீர்வாதம். காந்திமதியம்மை புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். நானும் உயிரோடு இருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பிவிடாதே.

உன் அக்கா கோமு பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுங்க, அதை எழுதுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எங்கள் மகள் சுப்ரஜாவை அந்த முழுமை நல மருத்துவப் பயிற்சியில் சேர்த்துவிட்டது நீதானே. உடம்பு, மனசு, சாப்பாடு மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற படிப்பு, நாளைக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்றாய். அவள் பழகிப் பார்க்க ஒரு உடம்பு வேண்டும் என்பதை நீ சொல்லவில்லையே. ரிட்டையர் ஆகிச் சும்மா கிடக்கிற உடம்பு இந்த வீட்டில் என்னுடையதுதான். முதலில் காப்பி போயிற்று. அப்புறம் விடிந்ததும் நல்லெண்ணெயை வாயில் விட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். பால்காரர் இசக்கி கேட்டதற்கெல்லாம் கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை ஆட்டினேன், இப்போது காப்பியில்லாத வீட்டுக்கு இரண்டு மடங்கு பால் வருகிறது. வயிற்றில் மண்பட்டி, கண்ணில் மண்பட்டி. எனிமாவைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள் உன் அக்கா.

நேற்று வாழையிலைக் குளியல். ஆளைத் தலை முதல் கால் வரை இலையால் மூடி, வாழைநாரால் கட்டி, மூக்குக்கு மட்டும் ஓட்டை விட்டு வெயிலில் கிடத்துவார்கள், வேர்வையோடு கெட்டதெல்லாம் வெளியே வந்துவிடுமாம். மாடி முழுக்க சோலார் தகடு, அதனால் வாசல் முற்றத்தில் பாயை விரித்தாள், தெற்கே தலைவைத்தால்தான் உடம்புக்கு நல்லது என்றாள், வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு எலுமிச்சை பிழியப் பின்கட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பெண் பார்க்க ஸ்ரீவைகுண்டத்துப் பையன் சிவகணேஷ் வீட்டார் சாயங்காலம் வருவதாகத்தான் பேச்சு. கோமு பூ வாங்கப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ராகுகாலம் என்பது கிளம்பும்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்கிறது, மத்தியானமே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். போன் அடித்தார்களாம். போன் வீட்டுக்குள்ளே, நான் இலைக்குள்ளே.

தெற்கே தலைவைத்து ஒருவனைக் கட்டி வாசலில் போட்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள், சொல்லு. இந்த வீட்டில் வேறு ஆம்பளை ஏது, போனது நான்தான் என்று பையனின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் ம்ம், ம்ம் என்றேன். அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும். அந்நேரம் பார்த்துக் கோமு கை நிறையப் பூவோடு வந்தாள். அந்தம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள, உன் அக்கா யார் செத்தது என்றுகூடக் கேட்காமல் சேர்ந்து அழுதாள். இதை எழுதாதீங்க என்கிறாள், எழுதிவிட்டேன். இன்னும் சும்மா கிடந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, உருண்டு புரண்டு எழுந்து உட்கார்ந்தேன். அதுதான் பெரிய தப்பாப் போச்சு. வேன் போன வேகத்தில் ஒரு ஒற்றைச் செருப்பு நம் வாசலிலேயே கிடக்கிறது.

குறுக்குத்துறை ஆற்றில் இறங்கித் தலைமுழுகிவிட்டு ஊர் போனவர்கள் சாயங்காலம் போன் செய்தார்கள். பையனின் அப்பாதான் பேசினார்.

"துட்டி கேட்டு, எழவு அழுத வீட்டுல சம்பந்தம் பண்ண மாட்டோம் அண்ணாச்சி. நீங்க உசுரோட இருக்கது சந்தோசம்தான். ஆனா அழுதது அழுததுதான்."

கோமு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஒரே பிள்ளை, நல்ல வேலை, இந்த இடம் போனால் இனி எங்கே கிடைக்கும் என்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க விடணும் என்று பையனின் அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றவன் நான், என்னையே பிணமாக்கிவிட்டாள் நம் பிள்ளை. ஆகவே நீ உடனே ஸ்ரீவைகுண்டம் போய், காலில் விழுந்தாவது அவர்களைச் சமாதானம் செய். அப்படியே இங்கே வந்து சுப்ரஜாவைப் படிப்பை நிறுத்தச் சொல். தாய்மாமன் சொன்னால் கேட்பாள்.

விஜயஸ்ரீக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் எந்த மருத்துவமும் தேவைப்படாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான் தாணுமாலையன்

பி.கு.: கோமு கோயிலுக்குப் போய்விட்டாள். இனி எழுதுவதுதான் நானாக எழுதுவது. நீ ஸ்ரீவைகுண்டம் போகாதே. அந்தம்மா அழுதுகொண்டிருக்கும்போதே பையனின் அப்பா என் தலைமாட்டில் நின்று மகனிடம் சொன்னார்: "நல்லதாப் போச்சுலே. இந்தாளுதான் படிப்பு படிப்புன்னு நின்னுக்கிட்டு இருந்தாரு. இனி ஆம்பளை இல்லாத வீடு. படிப்பையும் நிறுத்திரலாம், வீட்டையும் உன் பேருக்கு எழுதச் சொல்லிரலாம்." அதற்குப் பையன், "பைய பேசுங்கப்பா. பதினாறு கழியட்டும்" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் நான் உருண்டு எழுந்தது. சுப்ரஜா ஓடிவந்தவள், வேன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாரை அறுத்து, நாடியைப் பிடித்து, "மூச்சு சீரா வருதாப்பா?" என்றுதான் கேட்டாள். இந்தப் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. அவள் படிக்கட்டும். கோமுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ வந்து பக்குவமாகச் சொல்லு. முன்பு நீ சொன்ன அம்பாசமுத்திரத்துப் பையன் வீட்டாரை வருகிற ஞாயிறு அழைத்து வா. நான் வாசலில் இலைக்கட்டுக்குள்தான் கிடப்பேன். நீ ஒன்றும் சொல்லாதே, அவர்கள் முதலில் பேசி முடிக்கட்டும்.