ஐஸ் பிளாண்டில் மாட்டிய நாலு படங்கள்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து.

மரியாதைக்குரிய மச்சான் ஷிஹாப் ராவுத்தர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை சைபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உங்கள் தங்கை ஜுமைலா, மகள் ஃபிதா, பிளாண்டின் கம்ப்ரஸர் ஆகிய நால்வரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பாலக்காட்டில் தாங்களும், தங்கள் ஜவுளிக்கடையும், அதன் தலைமேல் தாங்கள் கட்டப்போகும் மாடியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். அந்த மாடி சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் சொன்னால் நடுவிலேயே கத்துவீர்கள். வாட்ஸப்பில் போட்டால் பாதி படித்துவிட்டுக் கத்துவீர்கள். கடிதம் என்றால் கத்துவது எனக்குக் கேட்காது.

நம் இருவர் பேரிலும் பாதிப் பாதியாக இருக்கும் ஐஸ் பிளாண்டை, ஹோட்டல் கட்டுவதற்கு எர்ணாகுளம் விக்கியிடம் விற்றுவிடுவது என்று நாம் சேர்ந்துதான் முடிவு செய்தோம், நான் மறுக்கவில்லை. ஐஸைத் திட்டாமல் நான் சாயா குடித்த நாள் உண்டா? யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும், ஐஸ் பிளாண்ட் சத்தம் போட்டுக்கொண்டே தின்னும் என்று கரண்ட் பில் வரும்போதெல்லாம் சொன்னவன் நான்தான். விற்ற கையோடு பாலக்காட்டில் உங்கள் தெருவிலேயே வீடு பார்ப்பதாக ஜுமைலாவுக்கு வாக்குக் கொடுத்ததும் நானேதான். ஆனால் மச்சான், விக்கி பார்க்க வருமுன் ஆபீஸ் சுவரில் நாலு பழைய படம் மாட்டி வையுங்கள், ஹோட்டல்காரர்களுக்குப் பழசைக் கண்டால் மனசு இளகும் என்று யோசனை சொன்னது யார்? தாங்கள். ஆகவே இனிமேல் வருவதற்கெல்லாம் பாதிப் பொறுப்பு தங்களைச் சேர்ந்தது, பிளாண்டைப் போலவே.

பழைய சாமான் விற்கும் தெருவுக்குப் போய், கப்பல் படம் வேண்டும் என்றேன். கடைச் சேட்டன் நாலு சட்டம் போட்ட படங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். "இக்கா, ஒறிஜினலாணு. பழைய புஸ்தகத்தில்நின்னு எடுத்ததாணு" என்றான், பழைய புத்தகத்திலிருந்து எடுத்த அசலாம். மேலே இருந்த படத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று அழகாக நின்றது. மற்றதெல்லாம் கொச்சித் துறைமுகம், மிளகு மூட்டை, தொப்பி போட்ட வெள்ளைக்காரன் என்று நானாக நினைத்துக்கொண்டு, பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். ஆபீஸில் ஆணி அடித்து வரிசையாக மாட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

யா அல்லாஹ்! அத்தனையும் ஐஸ்!

முதல் படத்துக் கப்பலுக்குக் கீழே தண்ணீரே இல்லை. கடல் முழுக்கக் கட்டியாக உறைந்து கிடக்கிறது, கப்பல் அதில் சொருகி நிற்கிறது. இரண்டாவதில் ஐஸ் மலை. நம் பள்ளிவாசல் மினாராக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சிக்கு எட்டாது, அடியில் ஒரு படகு கடுகளவு தெரிகிறது. மூன்றாவதில் ஆட்கள் தோளில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஐஸின் மேல் படகை இழுக்கிறார்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை, முதுகுதான். நாலாவதில் கப்பல் சாய்ந்து, கம்பம் முறிந்து நொறுங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு ஐஸில் நின்று அதையே பார்க்கிறார்கள். எல்லாம் கறுப்பு மையில், முடி மாதிரி மெல்லிய கோடுகளால் அச்சடித்தது. வெறும் கோட்டில் அவ்வளவு குளிரை எப்படி மச்சான் கொண்டு வந்தார்கள்? மேலே ஃபேன் ஓடுகிறது, எனக்குச் சட்டை நனைகிறது, கை மட்டும் சிலிர்த்துப் போய் நிற்கிறது.

ஃபிதாவைக் கூப்பிட்டேன். படத்துக்கு அடியிலிருந்த பொடி எழுத்து இங்கிலீஷைப் படித்துவிட்டு, "வட துருவக் கடலுக்கு வழி தேடிப் போனவங்க அத்தா. ஐஸ் நாலு பக்கமும் இறுக்கி, கப்பலையே ஒடைச்சிருச்சு" என்றாள். இதைக் கேட்டுக்கொண்டே வந்தார் நம் கம்ப்ரஸர் ஆபரேட்டர் பிச்சுமணி. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

தாங்கள் பங்குதாரரே தவிர, தொட்டி மூடியைத் திறந்து பார்த்தவரில்லை, அதனால் சொல்கிறேன். நம் பிளாண்டில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அது எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது. அதற்குள் இறக்கிய தகர டப்பாக்களில் இருக்கும் நல்ல தண்ணீர்தான் உறைந்து கட்டியாகும். உப்புத் தண்ணீர் உறையாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் நம் இரண்டு குடும்பமும் இத்தனை காலம் சோறு தின்றது.

பிச்சுமணி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடல் உறையறதா? சும்மா பறயாதீங்கோ முதலாளி! உப்புத் தண்ணி உறைஞ்சு என் சர்வீஸ்ல கண்டதில்ல. படம் போட்டவன் புளுகியிருக்கான்."

"கடல்ல நம்ம தொட்டி அளவுக்கு உப்பு கிடையாது மாமா, அதான் உறையுது" என்றாள் ஃபிதா.

"சரி, அங்க கம்ப்ரஸர் ஓட்டறது யாரு?"

ஃபிதா என் பக்கம் திரும்பினாள். நான்தான், "படைச்சவன்" என்றேன்.

"கரண்ட் இல்லாமயா?"

"கரண்ட் இல்லாம."

பிச்சுமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இரண்டாவது படத்து மலையைப் பார்த்துக் கைகூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார் மச்சான், சத்தியம்! அன்று டப்பாக்களை யாரும் தூக்கவில்லை. ஐஸ் ஏற்ற வந்த வைப்பின் தீவு மீன்பிடி போட்டுக்காரர்கள், என்ன தாமதம் என்று சண்டைக்கு வந்தவர்கள், ஆபீஸுக்குள் நுழைந்ததும் சண்டையை மறந்து சுவரோரம் நின்றார்கள். அதில் வயசான ஒருவர் மூன்றாவது படத்தின் முன்னால் நின்று, "வள்ளம் நம்மளெ சுமக்கணும். இவரு வள்ளத்தெ சுமக்குந்நு" என்றார். வள்ளம் மனுஷனைச் சுமப்பது போய், மனுஷன் வள்ளத்தைச் சுமக்கிற நிலைமை. வெளியே ஏற்றி வைத்த ஐஸ் உருகி, தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, எட்டிப் பார்க்க ஆளில்லை.

மச்சான், மனசை விட்டுச் சொல்கிறேன். இத்தனை வருஷம் உழைத்தேனே, நீ செய்ததில் ஒரு கட்டியைக் காட்டு என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்னத்தைக் காட்டுவேன்? தாங்கள் விற்ற சேலையை யாரோ ஒருத்தி இன்னும் பீரோவில் மடித்து வைத்திருப்பாள். நான் செய்ததெல்லாம் அன்றன்றைக்கே தண்ணியாப் போச்சு. கேவலம் உருகிப்போகிற சரக்கு என்றுதான் ஐஸை நினைத்திருந்தேன். அந்த ஐஸ், அங்கே போய்ப் பார்த்தால், ராஜா மாதிரி உட்கார்ந்து கப்பலைக் கையில் பிடித்து நொறுக்குது! அதைப் பார்த்த பிறகு நம்ம பிளாண்டுக்குள்ள செருப்போட போக எனக்குக் கால் வரல. சிரிக்காதீங்க.

நேற்று விக்கி வந்தான். மரியாதையான பையன், பூட்ஸ் மட்டும் பளபளவென்று. உப்புத் தொட்டியைப் பார்த்ததும், "இக்கா, இவிடெ ஸ்விம்மிங் பூல்" என்றான், இங்கேதான் நீச்சல் குளமாம். ஆபீஸில் படங்களைக் காட்டினேன், காட்ட ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டியைத் தூக்கி வெயிலில் வைத்து, கையை வை என்றேன். வைத்தான். நடுவில் ஒரு வெள்ளை நரம்பு, மற்றபடி கண்ணாடி. பையன் கையை எடுக்கவே இல்லை. "இக்கா, இது நல்ல பங்கியுண்டல்லோ" என்றான். அழகாக இருக்கிறதாம். அந்த வார்த்தையை என் சரக்கைப் பார்த்து இதுவரை ஒரு ஜீவன் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிட்டேன் மச்சான். உங்களைக் கேட்காம, உங்க பாதியையும் சேர்த்துச் சொல்லிட்டேன். அவன் பாவம், சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான். அந்தப் பணத்தில் எழும்ப இருந்த தங்கள் மாடிக்கு நான் செய்தது துரோகம், தெரியும். ஆனாலும் உயிர் போனாலும் இந்த பிளாண்டை விற்கமாட்டேன், இதுதான் என் கடைசி வார்த்தை. பெருநாளைக்கு வரும்போது என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அடிக்கு முன் படங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதுதான் கேட்பது.

தங்கள் மகள் ரஹீனாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் என் சலாம். படைத்தவன் தங்கள் கடைக்கு பரக்கத்தையும், தங்களுக்குப் பொறுமையையும் தருவானாக. பொறுமையைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சைபுதீன்

பின்குறிப்பு (சனிக்கிழமை): நேற்றிரவு கவரை ஒட்டுமுன் ஜுமைலா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், "எனக்குக் காட்டலையே அந்தப் படத்த" என்றாள். இன்று காலையில் பிளாண்டுக்குக் கூட்டிப்போனேன். நாலாவது படத்தின் முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அந்த ஆட்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்றோ, கீழே ஒன்றும் எழுதவில்லையே என்றேன். "என்னங்க கேள்வி இது? ஒருத்தனாவது வீடு வந்து சேராமலா இந்தப் படத்த வரைஞ்சாங்க? கப்பல் போச்சுன்னா போச்சுன்னு விட்டுட்டு நடந்திருக்காங்க" என்றாள். அவள் சொன்னது கப்பலை மட்டுமல்ல என்று எனக்கு உறைத்தது. விற்கிறேன் என்று விக்கிக்கு ஃபோன் போட்டுவிட்டேன், வருகிற வியாழக்கிழமை வருகிறான். தாங்களும் கையெழுத்துப் போட வந்துவிடவும். படங்களை மட்டும் இப்போதே கழற்றிக் கட்டி வைத்துவிட்டேன், அவை எங்களோடு பாலக்காட்டுக்கு வருகின்றன.