வெளிப்புற ஃப்ளாஷ்

அடையாள அட்டையில் முகம் தெரிய வேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். என் படம் மட்டும் மூன்று முறையும் கரிச்சட்டியாக வந்து, ‘முகம் காணப்படவில்லை’ என்று திரும்பிவிட்டது. மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். அவள் ஊருக்கு விமானம் ஏற அந்த அட்டை வேண்டும்.

“ஃப்ளாஷ் இல்லைம்மா,” என்றார் படம் பிடிப்பவர்.

“கேமரா தலையில உட்கார்ந்திருக்கே, அது என்ன?”

“உட்காரும். எரியாது. வேற கம்பெனி. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.”

நானும் ஓரகத்தியும் ஒரே சமையலறையில் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தோம். ஆனால் எங்களைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு உட்காரவில்லை. இந்த ஃப்ளாஷைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்ததாம். ‘கேமராவுக்குப் பொருத்தமானது’ என்று கேட்டிருந்தார்கள். குழு இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டும் கறுப்பு என உறுதிசெய்து கையெழுத்திட்டது.

“சரியானதை வாங்கச் சொல்லுங்களேன்!”

“வாங்கியாச்சும்மா. பீரோவுல இருக்கு.”

மேலாளர் கோப்பிலிருந்து தலை தூக்கினார். “அதன் பெயர் ‘வெளிப்புற ஃப்ளாஷ்’. வெளிப்புறப் பொருளை உட்புறத்தில் உபயோகிப்பது விதிமீறல்.”

“கேமராவுக்கு வெளியே மாட்டுறதுன்னு அர்த்தம் சார்!”

“அர்த்தம் கோப்பில் இல்லை.”

“அப்போ வாசல்ல நிக்க வெச்சு எடுங்க.”

“கேமரா உட்புறச் சொத்து. வாசல் தாண்டாது.”

ஃப்ளாஷைப் பூட்டிவைத்த அந்த பீரோ, அறையின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

“பீரோவை நகர்த்தக்கூடாதுன்னு விதி இருக்கா?”

மேலாளர் புரட்டிப் பார்ப்பதற்குள் நாங்கள் தள்ளிவிட்டோம். வெயில் கொட்டியது. க்ளிக்.

திரையில் ஒரு முகம். ஒரு சுருக்கம் பாக்கியில்லை.

“யாரு இது?”

“நீங்கதாம்மா.”

“இதைப் பார்த்தா குழந்தை என்னைப் பாட்டின்னு இல்ல கூப்பிடும்!”

“அதுக்குத்தானேம்மா போறீங்க?”

விமானம் ஏற எனக்கு முகம் வேண்டும்தான். இவ்வளவு வேண்டாம். “இதை அழிச்சுட்டு, பீரோவைப் பாதி ஜன்னலுக்குத் தள்ளுங்க,” என்றேன். வரிசையில் நின்றவர்கள் அதற்குள் தலையைக் கோதிக்கொண்டு ஓடிவந்தார்கள். முதலில் கை கொடுத்தவர் மேலாளர். அவர் அட்டையும் புதுப்பிக்க வேண்டியிருந்ததாம். இத்தனை பேர் தள்ளினால் பீரோ பாதியில் நிற்குமா? ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நின்றது.

நாலாவது முறையும் ‘முகம் காணப்படவில்லை’.

பேத்தி பிறந்த படம் போனில் வந்தது. ஃப்ளாஷ் போட்டு எடுத்திருந்தார்கள், தெள்ளத் தெளிவு. முகமெல்லாம் சுருக்கம். அச்சு அசல் என் ஜாடை.