சொட்டைக்குச் சொட்டு மருந்து

ஐம்பத்து நான்காவது வயதில் ரிஃபாத் ஒரு முடிவுக்கு வந்தார். முடி வேண்டும்.

அலெக்சாந்திரியாவில், இப்ராஹிமிய்யா டிராம் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவருக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. மூக்குக் கண்ணாடி விற்றுப் பிழைப்பவருக்கு நிலைக்கண்ணாடிதான் எதிரி. கடையில் நாலு சுவரிலும் கண்ணாடி. வந்தவர் காதில் பிரேமை மாட்டிவிட்டுக் குனிந்தால் போதும், எதிர்க் கண்ணாடியில் பின்கண்ணாடி தெரியும். பின்கண்ணாடியில் அவருடைய உச்சந்தலை தெரியும். கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம் மாதிரி. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது கிண்ணம்.

ஆனால் ஊரார் பார்வைக்காக அவர் முடி கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது தஹானியின் விரல்கள்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே ஒரு சோபா உள்ள வீட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வானொலியில் பந்தாட்டம் கேட்கும்போது அவர் தலை தஹானியின் மடியில் இருக்கும். அவள் அவருடைய சுருட்டை முடியில் ஒரு கற்றையை எடுத்து விரலில் சுற்றுவாள், விடுவாள், மறுபடி சுற்றுவாள். எந்த அணி ஜெயித்தது என்று அவருக்கு ஒரு வாரமும் தெரிந்ததில்லை. பிறகு நாதியா பிறந்தாள். முடி கொட்ட ஆரம்பித்தது. விரலில் சுற்ற ஒன்றும் இல்லாமல் போனதும் விரல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டது. இப்போது நாதியா கல்யாணமாகி அஸ்வானில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இரண்டு பேர், மூன்று சோபா. ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்து கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

"என் தலையைக் கொஞ்சம் தடவிவிடு" என்று கேட்டுவிடலாம்தான். ஐம்பத்து நாலு வயது ஆம்பிளை அதை எப்படிக் கேட்பது? தலை வலிக்கிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மாத்திரை வந்தது.

ஆகவே தோல் டாக்டர் அத்லியிடம் போனார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துத் தலையை மேய்ந்தார்.

"பரம்பரை. வேர் இன்னும் சாகல, தூங்குது. மேல போடற சொட்டு மருந்து எழுதித் தரேன். மதியத்துல ஒரு வேளை, காஞ்ச தலையில. லேசாப் பரப்பி விட்டுட்டுக் கையைக் கழுவிடுங்க. மொத ஒண்ணு ரெண்டு மாசம் இருக்கறதும் கொட்டும். பயந்து நிறுத்திடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

ஆறு மாசம்! முப்பது வருஷம் காத்திருந்தவருக்கு அந்த ஆறு மாசம்தான் தாங்கவில்லை. டிராமில் திரும்பி வரும்போது மருந்துச் சீட்டைப் பார்த்தார். டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. பாவம் செய்ய மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டில் தஹானி சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தாள். கண்ணாடிக் கடைக்காரர் மனைவி கண்ணாடி போட மாட்டாள்; அது அவள் கொள்கை.

"ஏன் ரிஃபாத், மேல நாலு வரி கோழி கிளறின மாதிரி இருக்கு. கடைசி வரி மட்டும் முத்து முத்தா இருக்கே?"

"முக்கியமான வரி இல்லையா? நிறுத்தி எழுதியிருப்பாரு."

"'மருந்தை இன்னொருவர் வெறும் விரலால் பத்து நிமிடம் தேய்த்துவிட வேண்டும். மனைவியாக இருந்தால் உத்தமம்.'" தஹானி சீட்டைத் தாழ்த்தினாள். "மனைவி இல்லாதவன் என்ன பண்ணுவானாம்?"

"அவனுக்கு முடி எதுக்கு?"

தஹானி முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கீழே மருந்துக்கடை லுப்னாவிடம் மருந்து வாங்கப் போனாள். ரிஃபாத் சோபாவில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது, முதலிரவு மாப்பிள்ளைக்கு அடிப்பது மாதிரி. காலடி வந்தது. மூடி திறக்கும் சத்தம் வந்தது. சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கறக் கறக்கென்று ஏதோ தேய்த்தது.

கண்ணைத் திறந்தார். மஞ்சள் ரப்பர் கையுறை. மத்தி மீன் கழுவும்போது போட்டுக்கொள்வது.

"என்னடி இது?"

"லுப்னா சொன்னா. இது பட்ட எடத்துல எல்லாம் முடி மொளைக்குமாம். பொம்பளைங்க கையால தொடவே கூடாதாம். உள்ளங்கையில முடி வெச்சுக்கிட்டு நான் மாவு பிசையணுமா?"

"டாக்டர் வெறும் விரல்னு எழுதியிருக்காரே!"

"டாக்டர் வந்து தேய்க்கட்டும். அசையாதே."

மூன்று நாள் பொறுத்தார். மூன்று நாளும் பத்து நிமிடம் ரப்பர் தேய்த்தது. கடையில் ஒரு பூனை அவரையே சுற்றிச் சுற்றி வந்தது. நாலாம் நாள் காலை, தஹானி காய் வாங்கப் போயிருந்த நேரம், ரிஃபாத் குளியலறைக் கண்ணாடிக்கு முன் மருந்துப் பாட்டிலோடு நின்றார். ஒரு பக்கம் முடி. ஒரு பக்கம் விரல். முடியே அந்த விரலுக்காகத்தானே? விரல் நேராகவே கிடைக்கும் என்றால் நடுவில் முடி எதற்குத் தரகு வேலை பார்க்க வேண்டும்?

மருந்தைக் கடைசிச் சொட்டு வரை தொட்டியில் ஊற்றினார். சமையலறையில் மஹலபிய்யா என்ற பால் இனிப்புக்கு வைத்திருந்த பன்னீரைப் பாட்டிலில் நிரப்பினார்.

மதியம் முலூகிய்யாக் கீரையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"டாக்டர் மருந்தை மாத்திக் குடுத்துட்டாரு. இது பொம்பளைங்க தொடலாமாம்."

"அப்படியா?" தஹானி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். "வாசனையா இருக்கே."

"புது வகை."

"கையில முடி மொளைக்காதே?"

"சத்தியமா மொளைக்காது." அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன உண்மை.

தஹானி அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெறும் விரல். வெங்காயம் நறுக்கிக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல், மோதிரம் இறுகிப்போன விரல், நாதியாவின் தொட்டில் நசுக்கியதில் கொஞ்சம் கோணிய சுண்டுவிரல். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. காதுக்கு மேலே, பிடரிக்குக் கீழே, உச்சியில் வட்டமாக. ஜன்னல் திரை கடல் காற்றில் ஊதியது. கீழே டிராம் மணி அடித்தது. மூன்றாம் நிமிடம் கண் சொருகியது. ஐந்தாம் நிமிடம் குறட்டை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். ஒரு நாளும் ஐந்தாம் நிமிடத்தைத் தாண்டி விழித்திருக்க முடிந்ததில்லை. முழுசாக அனுபவிக்க ஆசைப்பட்டு, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு காபி குடித்துப் பார்த்தார். ஆறாம் நிமிடம் குறட்டை வந்தது.

ஒரு மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது. சும்மா இல்லை, சீப்பில், தலையணையில், சட்டைக் காலரில், காபியில். காதோரம் அவர் பொக்கிஷமாக வைத்திருந்ததும் கிளம்பியது. ரிஃபாத் நடுங்கிப் போனார். பன்னீருக்கு இப்படி ஒரு குணம் உண்டா? உலகத்தில் எத்தனை பேர் மஹலபிய்யா சாப்பிடுகிறார்கள்!

"தஹானி, பன்... பண்ற வைத்தியம் சரியா இருக்கா? கொட்டுதே!"

"டாக்டர் உன்கிட்டச் சொல்லலியா? மொதல்ல கொட்டும், அப்புறம் மொளைக்கும். மருந்து வேலை செய்யுது."

"ஆமா... மருந்து... வேலை செய்யுது."

"ஏன் முழிக்கிற? வேணாம்னா நிறுத்திடலாம்."

"வேணாம் வேணாம்! கொட்டினாக் கொட்டட்டும்!"

மொட்டையானாலும் இந்த மடியில் மொட்டையாவேன் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், ஒரு கிழவருக்குப் பிரேம் மாட்டக் குனிந்தவர் பின்கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கிண்ணத்தின் மேல் ஏதோ நிழல். தடவிப் பார்த்தார். சொரசொரப்பு. பீச் பழத்தின் தோல் மாதிரி மெல்லிய பூமுடி.

"என்னப்பா, கண்ணு கலங்குது? உனக்கே கண்ணாடி வேணும் போல" என்றார் கிழவர்.

ரிஃபாத் மறுபடியும் தடவிப் பார்த்தார். மருந்து இல்லை. வெறும் பன்னீர். அப்படியானால் முளைக்க வைத்தது எது? அவளுடைய கை! முப்பது வருஷம் அவரும் கேட்காமல் அவளும் கொடுக்காமல் கிடந்த அன்பு, தொட்ட இடத்தில் முளைத்திருக்கிறது. டாக்டர்களுக்கு என்ன தெரியும்? அன்று போகும் வழியில் ஒரு முழம் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு போனார். "யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டுத் தஹானி அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆறாம் மாதம் முடிந்தது. டாக்டரைப் பார்க்கத் தஹானியும் கிளம்பினாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"தேய்ச்சவ நான். மார்க்கு வாங்க நான் வர வேணாமா?"

டாக்டர் அத்லி பூதக்கண்ணாடியை வைத்தார். உடனே முகம் மலர்ந்தது.

"சபாஷ்! பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படிக் கேக்கும். ஒரு நாள் கூட விடாமப் போட்டிருக்கீங்க, இல்ல?"

"ஒரு நாள் கூட விடல" என்றாள் தஹானி.

"பழைய சீட்டு இருக்கா?"

ரிஃபாத் இல்லை என்று வாயெடுப்பதற்குள் தஹானி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள். டாக்டர் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி படித்தார், இந்த முறை வாய்விட்டு.

"'மனைவியாக இருந்தால் உத்தமம்.'" டாக்டர் நிமிர்ந்தார். "இது நான் எழுதினதா?"

தஹானி மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்ச்சா முடி வளராது அய்யா. தேய்க்கத் தேவையே இல்ல. மருந்துதான் வளர்த்திருக்கு. நிறுத்தினா மூணு நாலு மாசத்துல பழையபடி ஆயிடும், தொடர்ந்து போடுங்க. இந்த வரிக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

இருவரும் கடலோரமாக நடந்தார்கள். அலைச் சாரல் சுவரைத் தாண்டி வந்து முகத்தில் தெறித்தது. பாதித் தூரத்தில் ரிஃபாத் கேட்டார்:

"தஹானி. பன்னீர்ல முடி மொளைக்குமா?"

"பன்னீர்ல மஹலபிய்யாதான் நல்லா வரும். ஆறு மாசத்துல எட்டு பாட்டில் காலி பண்ணினீங்க உஸ்தாத்."

'உஸ்தாத்' என்றும் 'நீங்க' என்றும் அவள் சொன்னால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப மருந்து?"

"நாலாம் நாள் மதியமே லுப்னாகிட்டப் புது பாட்டில் வாங்கிட்டேன். நீ குறட்டை விட ஆரம்பிச்சதும் துண்டால தலையைத் தொடைச்சுட்டு, கையுறை மாட்டிச் சொட்டு விட்டுடுவேன். மாசா மாசம்."

"கொட்டினப்ப நான் பயந்தேனே! அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ பயந்ததைப் பாக்க எனக்கு நல்லா இருந்துது."

ரிஃபாத் கடல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய அன்புக் கொள்கை முழுதும் அலையோடு போய்க்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் தினமும் பன்னீரை ஏன் தேய்ச்ச? தூங்கினதும் மருந்தை மட்டும் போட்டிருந்தாப் போதுமே?"

தஹானி மீன்பிடிப் படகு ஒன்று திரும்பி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ எழுதின அந்த ஒரு வரியைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மருந்துக்கடைக்குப் படி எறங்கும்போது அழுகை வந்துச்சு. இவ்வளவு நாளா அடுத்த சோபாவுல உக்காந்திருந்த மனுஷன், இதைக் கேக்க ஒரு டாக்டரோட கையெழுத்தைத் திருட வேண்டியிருக்குதேன்னு." மூக்கை உறிஞ்சினாள். "நான் மட்டும் கேட்டேனா? நானும் கேக்கல."

ரிஃபாத்துக்கு உலகமே லேசாகிப் போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தைரியமாக, சீட்டு எதுவும் இல்லாமல் கேட்டார்:

"இனிமேலும் மதியத்துல தடவிக்கலாம்தானே? முன்ன மாதிரியே?"

"தாராளமா" என்றாள் தஹானி.

மறுநாள் சாப்பிட்டதும் அவர் ஓடிப்போய்ச் சோபாவில் மல்லாந்தார். தஹானி வந்தாள். அவரை எழுப்பி ஓரமாக உட்கார வைத்தாள். ஊசிகளை எடுத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரிஃபாத் திகைத்துப்போய் விரல்களை அந்த முடிக்குள் விட்டார். எவ்வளவு மெலிந்துவிட்டது! மருதாணிச் சிவப்புக்கு அடியில் வேரெல்லாம் வெள்ளை. வகிடு அகன்றிருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது? பக்கத்து சோபாவில்தானே இருந்தார்? அவர் கண்ணாடிகள் எதிலும் இது தெரியவில்லையே. மெதுவாக, பயந்து பயந்து தடவினார். திரை ஊதியது. டிராம் போயிற்று. அவள் மூச்சு சீரானது. அவருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. உட்கார்ந்தபடி தூங்க முடியாது. கால் வேறு மரத்துவிட்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, பூனை மாதிரி கையை மெல்ல எடுத்தார்.

தஹானி கண்ணைத் திறக்கவில்லை.

"இந்தப் பக்கம் ஆச்சு. அந்தப் பக்கம் யாரு, லுப்னாவா வந்து தேய்ப்பா?"